அண்ணனுக்கு ஒரு வரிதானா?

1869இன் அமெரிக்க பேஸ்பால் அணியான சின்சினாட்டி ரெட் ஸ்டாக்கிங்ஸ் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. ஆனால் அதில் ஆடிய சகோதரர்களில் தம்பி ஜார்ஜ் ரைட்டுக்கு இரண்டு பத்தி, அண்ணன் ஹாரி ரைட்டுக்கு ஒரே வரி என்பது அநியாயம். அந்த அணியைக் கட்டியதே ஹாரிதான்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். அப்பா நியூயார்க்கில் சம்பளத்துக்குக் கிரிக்கெட் ஆடியவர். ஹாரி நகைத்தொழில் கற்றார், அப்புறம் அவரும் கிரிக்கெட்டுக்கே வந்தார். சின்சினாட்டிக்குப் போனதுகூட அங்குள்ள கிரிக்கெட் கிளப் வேலைக்குத்தான்! பேஸ்பால் பிறகு ஒட்டிக்கொண்டது.

எல்லா வீரர்களுக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் அணி அது. தம்பிக்கு 1,400 டாலர், தலைவரான அண்ணனுக்கு 1,200. ஹாரி சென்டர் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வெளிப்பகுதியில் நடுவே, நிற்பார். பிட்சரின் (பந்து வீசுபவரின்) பந்துகள் அடிவாங்கினால் தானே வந்து மெதுவான பந்துகளைப் போடுவார். வேகப்பந்துக்குப் பழகிய மட்டையாளர் அவசரப்பட்டு முன்னதாகவே மட்டையை வீசித் தொலைப்பார். நம் ஊர் சுழற்பந்து ரசிகர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1869 முழுக்க அந்த அணிக்குத் தோல்வியே இல்லை. 1870 ஜூனில் புரூக்ளின் அட்லாண்டிக்ஸ் அணிதான் 8-7 என்று, அதுவும் வழக்கமான 9ஐத் தாண்டி 11 இன்னிங்ஸ் இழுத்து, அந்த ஓட்டத்தை நிறுத்தியது.

பிறகு ஹாரி பாஸ்டன் அணிக்குப் போய் 1872 முதல் 1875 வரை தொடர்ந்து நான்கு பட்டம். நடுவே 1874இல் இங்கிலாந்துப் பயணம். அங்கே கிரிக்கெட்டும் ஆடினார்கள், அதிக ஆட்களை இறக்கித்தான், ஆனாலும் ஒன்றிலும் தோற்கவில்லை.

இவ்வளவுக்கும் பேஸ்பாலின் புகழரங்கமான ஹால் ஆஃப் ஃபேமில் தம்பிக்கு 1937இலேயே இடம். அண்ணனுக்கு 1953 வரை யாருக்கும் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.