பொட்டாசியம் மாத்திரை சீக்கிரம் வெளியேறிவிடுமா?

டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையில் பொட்டாசியம் உப்பு வகை, சோடியம் உப்பு வகையைவிடச் சீக்கிரம் உடம்பைவிட்டுப் போய்விடும், அதனால் கிட்னிக்குப் பயமில்லை என்று மேலே ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்திருப்பதால் இதை மட்டும் சொல்கிறேன்.

அவர் சொல்வதில் வேகம் என்பது சரி, ஆனால் அது உள்ளே போகும் வேகம். பொட்டாசியம் உப்பு சட்டென்று கரைந்து, ரத்தத்தில் உச்ச அளவை சுமார் 1 மணி நேரத்தில் தொடும். சோடியம் மாத்திரை பெரும்பாலும் வயிற்றில் கரையாத பூச்சோடு வருகிறது. குடலுக்குப் போய்த்தான் கரையும், சுமார் 2 மணி நேரம் ஆகும். கரைந்ததும் பொட்டாசியமோ சோடியமோ தனியே பிரிந்துவிடும். ரத்தத்தில் ஓடுவது ஒரே டைக்ளோஃபெனாக்தான். தோட்டப்பாளையத்திலிருந்து காட்பாடி ஸ்டேஷனுக்கு ஆட்டோவில் போனால் என்ன, டவுன் பஸ்ஸில் போனால் என்ன, ஏறப்போவது ஒரே ரயில். கல்லீரல் அதைச் சிதைக்கும் வேகம் மாறாது. இரண்டுக்கும் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 2 மணி நேரம். கிட்னி எச்சரிக்கையும் இரண்டுக்கும் உண்டு.

வீட்டில் இருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், எந்த உப்பு என்று போட்டிருக்கும் (எறும்பு எழுத்துதான், செல்போன் டார்ச் அடித்தால் தெரியும்). அப்புறம் அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் டெய்லிமெட் தளத்தில் இரண்டு உப்புகளின் மருந்துக் குறிப்பையும் இலவசமாகப் படிக்கலாம். உச்ச அளவு நேரம், அரை ஆயுள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் அண்ணா.