ஆனந்த் நேருக்கு நேர் ஆடியே பட்டத்தைக் காத்தார்

'மயிலாடுதுறையில் பிறந்தவர் என்பதற்காக நம் டெல்டாக்காரர்கள் சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அவருடைய பட்டங்கள் அனைத்தும் பலர் ஆடிய தொடர்களில் கிடைத்தவை, நேருக்கு நேர் மோதி அவர் எதையும் வென்றதில்லை' என்று ஒரு நண்பர் எழுதியிருப்பது பாதி உண்மைகூட இல்லை.

2000-இல் டெல்லியிலும் டெஹ்ரானிலும் ஆனந்த் வென்றது நாக் அவுட் போட்டி என்பதும், அப்போது உலகப் பட்டம் இரண்டாகப் பிளந்து, ஒரே நேரத்தில் இரு சாம்பியன்கள் இருந்தார்கள் என்பதும் சரியே. 2007-இல் மெக்சிகோ நகரில் எட்டுப் பேர் ஆடிய தொடரில் வென்றபோது, அதுவரை சாம்பியனாக இருந்த ரஷ்யாவின் கிராம்னிக்கை நேரடி ஆட்டத்தில் வீழ்த்தாதவர் முழுமையான சாம்பியன் ஆவாரா என்ற ஐயத்தைப் பலர் எழுப்பினார்கள். அந்த ஐயத்துக்கு 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் விடை கிடைத்தது: மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களைக் கறுப்புக் காய்களுடன் வென்று, ஆறாவதை வெள்ளையுடன் வென்று, பன்னிரண்டாவது ஆட்டத்துக்கு வேலையே வைக்காமல் 6.5–4.5 என்ற கணக்கில் அதே கிராம்னிக்கை ஆனந்த் தோற்கடித்தார். வெள்ளைக்கே முதல் நகர்வு என்பதால், கறுப்புக் காய்களுடன் இரண்டு வெற்றி என்பது அந்த மட்டத்தில் எளிதில் நடப்பதன்று.

2010-இல் பல்கேரியாவின் சோபியாவில், எதிராளி டோபலோவின் சொந்த மண்ணிலேயே, கடைசி ஆட்டத்தைக் கறுப்பில் வென்று 6.5–5.5 எனப் பட்டத்தைக் காத்தார். 2012-இல் மாஸ்கோவில் இஸ்ரேலின் கெல்ஃபாண்டுடன் 6–6 எனச் சமநிலையில் நின்று, அதிவேக ஆட்டங்களில்தான் வென்றார். அதை மங்கலான வெற்றி என்று நண்பர் சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்க மாட்டேன். 2013-இல் சென்னையில் நார்வேயின் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்ததும் நேரடி மோதலில்தான்.