அவர் இடத்துக்கு ஒருவர்

பதினோரு வருஷம் எனக்கு உதவியாளராக இருந்தவர் இந்த மாதக் கடைசியில் விடைபெறுகிறார். அவர் இடத்துக்கு ஆள் கேட்டு விளம்பரம் எழுதி அவரிடமே காட்டினேன். படித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இதுல வேலையைப் பத்தி ஒண்ணுமே இல்ல. என்னைப் பத்திதான் எழுதியிருக்கீங்க."

உண்மைதான். "சொல்லாமலே புரிந்துகொள்பவர்" என்று ஒரு வரி. அவருக்கே அது கைவர மூன்று வருஷம் ஆயிற்று. புதிதாக வருபவரிடம் முதல் நாளே அதை எதிர்பார்ப்பது அநியாயம்.

விளம்பரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவருடைய டைரியை எடுத்து வைத்து இருவரும் உட்கார்ந்தோம். சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்ன முக்கோணம். "இவங்க மெயில் பார்க்க மாட்டாங்க, போன் பண்ணாதான் வேலை நடக்கும்." சிலவற்றுக்கு வட்டம். "இவர்கிட்ட பணம் பத்தி காலையில பேசக் கூடாது." இத்தனை வருஷம் எதிர் நாற்காலியில் இருந்தும் எனக்கு இது தெரியாது. இவ்வளவையும் ஒரே ஆளின் தலைக்குள் விட்டு வைத்தது என் தவறு. இப்போது தினமும் ஒரு மணி நேரம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன்.

அனுபவம் எத்தனை வருஷம் என்று பார்த்து ஆள் எடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. ஷ்மிட், ஹண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 85 வருஷ ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. அந்த வேலையையே கொஞ்சம் செய்யச் சொல்லிப் பார்ப்பதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை முறையாகக் கேட்பதும் நல்ல ஆளைக் காட்டித் தந்தன. அனுபவ வருஷக் கணக்கு அவற்றுக்கு வெகு பின்னால்தான்.

அதனால் வந்தவர்களிடம் இருபது கடிதங்களைக் கலைத்துக் கொடுத்தேன். எதை முதலில் எடுப்பீர்கள், ஏன்? அரை மணி நேரம். பலர் அழகாக அடுக்கினார்கள். ஒரு பெண் மட்டும் நிமிர்ந்து, "இந்த ஏழாவது கடிதத்துக்கு ஏற்கெனவே பதில் போயிருக்கா? 'மறுபடியும் எழுதுறேன்'னு ஆரம்பிக்கிறாங்களே" என்று கேட்டார். அவரைத்தான் எடுத்திருக்கிறேன்.

அலுவலகத்தில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன்: "முன்னாடி இருந்தவங்க இப்படிச் செய்ய மாட்டாங்க" என்று அந்தப் பெண் காதுபட யாரும் சொல்லாதீர்கள். அவர் தன் வழியில் செய்யட்டும்.

இன்னொன்று. வேலைப் பட்டியலை எழுதும்போதுதான் கவனித்தேன், என் வங்கி வேலை, வீட்டு பில்கள், பிள்ளையின் பள்ளிப் படிவங்கள் எல்லாம் அதில் இருந்தன. விடைபெறுகிறவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, நானும் கேட்டதில்லை. அவற்றை அடித்துவிட்டேன். நேற்று அந்தப் படிவத்தை நானே நிரப்பினேன்.