அந்தச் சகோதரியின் சாட்சியைத் திருத்தியவருக்கு

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மனசு ஆறவில்லை. எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாள் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒருவர் போன் செய்து, "உங்களைப் பெலேகியன்னு சொல்லிட்டிருக்காங்க, தெரியுமா?" என்று கேட்டார். கிருபையை மறுக்கிற துர்உபதேசக்காரன் என்று அர்த்தம். சரி, இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் அது பொறுமை இல்லை, பயம்.

என்ன நடந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும், சிலர் அங்கேயே இருந்தீர்கள். அதனால் முழுக் கதைக்குள் போகவில்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அந்தச் சகோதரி சபையில் முதல் தடவையாகச் சாட்சி, அதாவது தான் விசுவாசத்துக்கு வந்த கதை, சொல்ல எழுந்தார். கையில் ஒரு தாள், இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. "நான் ஆண்டவரை ரொம்ப நாள் தேடினேன்" என்று முதல் வரியை வாசித்தார். முன்வரிசையில் இருந்து "சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்று ஒரு குரல் வந்தது. ரோமர் 3:11, தேவனைத் தேடுகிறவன் இல்லை. அப்புறம் எபேசியர் 2. செத்தவன் தேடமாட்டான், செத்தவன் எதையும் ஏற்றுக்கொள்ளவும் மாட்டான், "நான் தேடினேன்" என்பது கிருபையை மறுக்கிற வார்த்தை. ஐந்து நிமிடம் விளக்கம். அந்த ஐந்து நிமிடமும் சகோதரி நின்றுகொண்டே தாளை மடித்தார். இரண்டாக, நான்காக, எட்டாக. அதற்கு மேல் மடிக்க முடியாமல் போனபோது உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க முழுசா சொல்லி முடிக்கட்டும்" என்று நான் எழுந்து சொன்னேன். நான் பேசியது அவ்வளவுதான். அதற்குத்தான் எனக்குப் பெலேகியன் பட்டம்.

அந்தப் பட்டத்தின் அர்த்தத்தையாவது பேசுவோம். ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி பெலேகியு என்ன சொன்னார்? ஆதாமின் பாவம் நம் சுபாவத்தைக் கெடுக்கவில்லை, அது வெறும் கெட்ட முன்மாதிரிதான். மனிதன் மனசு வைத்தால் தன் இயல்பான பலத்திலேயே தேவனுடைய கட்டளைகளைக் கைக்கொண்டு பாவமில்லாமல் வாழ முடியும். இதைத்தான் சபைப் பிதா அகுஸ்தீன் எதிர்த்தார். இதைத்தான் 418-ல் கார்த்தேஜில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் தள்ளியது. அந்தச் சகோதரி இதையா சொன்னார்? தன் பலத்தால் பாவமில்லாமல் வாழ்ந்து காட்டியதாகவா சாட்சி சொல்ல எழுந்தார்? அழுதுகொண்டு தேடினேன் என்றார். அவ்வளவுதான்.

கிருபைதான் முந்தியது, மனிதன் தேடுவதற்கு முன்பே தேவன் செயல்படுகிறார். இதில் நமக்குள் சண்டையே இல்லை. தயவுசெய்து இந்த ஒரு வரியை வாசித்துவிட்டு மீதியை வாசியுங்கள். கிருபை முந்தியது என்று நீங்கள் சொல்கிறீர்கள், நானும் சொல்கிறேன். கேட்டிருந்தால் அந்தச் சகோதரியும் அதைத்தான் சொல்லியிருப்பார். கேட்கவில்லையே!

529-ல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் என்ன தீர்மானித்தது என்று பாருங்கள். விசுவாசத்தின் ஆரம்பம்கூட, விசுவாசிக்க வேண்டும் என்கிற ஆசைகூட, கிருபையின் வேலைதான் என்றது. அதே மூச்சில், தேவன் சிலரைத் தீமைக்கென்று முன்குறித்தார் என்று சொல்லுகிறவர்களையும் சபித்தது. சீர்திருத்தக்காரர்கள் திட்டுகிற, கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் 1547-ல் முதல் விதியாகவே எழுதிவைத்தது இதுதான்: கிறிஸ்துவின் மூலமாக வரும் தேவகிருபை இல்லாமல், சொந்தக் கிரியைகளால் மனிதன் நீதிமானாக முடியும் என்று சொன்னால் அவன் சபிக்கப்பட்டவன். தேவன் யாரை இரட்சிப்பார் என்பதை நிபந்தனையில்லாமல் முன்குறித்தார் என்கிற கால்வினிசத்தை எதிர்த்த அர்மீனியுவின் சீடர்கள் 1610-ல் கொடுத்த ஐந்து கட்டுரைகளில் மூன்றாவது என்ன? மனிதனுக்குத் தன்னிலிருந்து இரட்சிக்கும் விசுவாசம் கிடையாது, தன் சுயசித்தத்தின் பலத்தாலும் வராது, அவன் மறுபடியும் பிறந்தே ஆகவேண்டும். நான்காவது, எல்லா நன்மைக்கும் ஆரம்பமும் தொடர்ச்சியும் முடிவும் கிருபையே. அந்தக் கிருபையை மனிதன் எதிர்க்க முடியுமா என்பதில்தான் சண்டை. அது பெரிய சண்டைதான், டார்ட் சங்கம் 1618-லும் 1619-லும் அதற்காகவே கூடியது, எனக்குத் தெரியும். ஆனால் அது வேறு கேள்வி. அதைப் பெலேகியனிசம் என்று சொல்வது பொய்சாட்சி. பிறனுக்கு விரோதமாய்ப் பொய்சாட்சி சொல்லாதே என்பதும் வேதத்தில்தானே இருக்கிறது?

சகேயு காட்டத்திமரத்தில் ஏறினானே. இயேசு எப்படிப்பட்டவரோ என்று "பார்க்க வகைதேடினான்" என்று லூக்கா எழுதுகிறார். தேடினான் என்றே எழுதுகிறார். ஆண்டவர் மரத்தடியில் நின்று அவனை அண்ணாந்து பார்த்தபோது என்ன சொன்னார்? நீ ஏறவில்லை, நான்தான் ஏற்றினேன், முதலில் அதை ஒத்துக்கொள், அப்புறம் இறங்கு என்றாரா? சீக்கிரமாய் இறங்கிவா, உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார். அவன் வீட்டுக்குள் போய், எல்லாம் நடந்து முடிந்த பிறகு, கடைசியில்தான் "இழந்துபோனதைத் தேடவும் இரட்சிக்கவுமே மனுஷகுமாரன் வந்திருக்கிறார்" என்றார். தேடியது யார் என்று அப்போதுதான் தெரிகிறது. அந்தச் சகோதரியின் தாளில் இரண்டாவது பக்கம் இருந்தது, சகோதரரே. அதை நீங்கள் வாசிக்க விடவில்லை.

"சத்தியத்தை விட்டுக்கொடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஒரு வார்த்தைகூட விட்டுக்கொடுக்க வேண்டாம். பிதா இழுத்துக்கொள்ளாவிட்டால் ஒருவனும் வரமாட்டான் என்பதை நான் முழுசாக நம்புகிறேன். பவுலின் பேச்சைக் கேட்ட லீதியாளின் இருதயத்தைக் கர்த்தர் திறந்தார் என்பதையும் நம்புகிறேன். ஆனால் திறக்கப்பட்ட இருதயம் வெளியே பேசும்போது என்ன பேசும்? "நான் கேட்டேன், நான் நம்பினேன், நான் வந்தேன்" என்றுதான் பேசும். வேறு எப்படிப் பேசும்? பவுலே "அவர்கள் எல்லாரிலும் நான் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியில்தான் "ஆகிலும் நானல்ல" என்கிறார். முதல் வரியிலேயே யாராவது அவரை உட்காரவைத்திருந்தால் இரண்டாவது வரி நமக்குக் கிடைத்திருக்குமா?

"கை தூக்கினால் இரட்சிப்பு, அட்டையில் கையெழுத்துப் போட்டால் பரலோகம் என்று ஆக்கிவிட்டார்களே, அதைத் திருத்த வேண்டாமா?" வேண்டும்தான். அந்த வியாபாரம் எனக்கும் பிடிக்காது. ஆனால் அதை நடத்துகிறவர்களிடம் போய்ப் பேசுங்கள். எழுந்து நிற்கவே தைரியமில்லாமல் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் இல்லை.

"அப்ப ரோமர் 9?" தேவனே தமக்கானவர்களைத் தெரிந்தெடுக்கிறார் என்று அங்கே இருக்கிறது, நம்புகிறேன். ஆனால் அந்த அதிகாரம் எப்படி ஆரம்பிக்கிறது என்று பார்த்தீர்களா? "எனக்கு மிகுந்த துக்கமும் இடைவிடாத மனவேதனையும் உண்டாயிருக்கிறது." தெரிந்துகொள்ளுதல் என்கிற அந்தத் தெரிந்தெடுப்பைப் பற்றிப் பவுல் பேச ஆரம்பித்தது கண்ணீரோடு. தன் ஜனத்துக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் தயார் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஐந்து நிமிடத்தில் கண்ணீர் எங்கே இருந்தது?

நான் எங்கேயோ போகிறேன் என்று தெரிகிறது. ஆனால் இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். இதுவரை பொதுவில் எழுதியதில்லை.

என் அப்பா ஒருநாளும் ஆலயத்துக்குள் வரவில்லை. அம்மாவையும் என்னையும் வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடிகிறவரை வெளியே நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டு நிற்பார். அம்மா எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறார். "நீங்க போங்க" என்பார், அவ்வளவுதான். ஆனால் திரும்பி வரும் வழியில் வாரம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். "இன்னைக்கு என்ன சொன்னார்?" நான் சொல்வேன். ஒன்றும் பதில் சொல்ல மாட்டார். சில சமயம், "போன வாரம் வேற மாதிரி சொன்னாரே" என்பார். அப்போதுதான் தெரியும், போன வாரம் நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார் என்று. வருஷக்கணக்காக இது நடந்தது.

அப்புறம் பக்கவாதம். பேச்சு போய்விட்டது, வலது பக்கம் போய்விட்டது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒன்பதாவது நாள் ராத்திரி அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, ஆண்டவரை நம்புறீங்களா? நம்பினா என் கையை அழுத்துங்க" என்றேன். அவருடைய கட்டைவிரல் என் உள்ளங்கையில் இரண்டு தடவை அசைந்தது. அழுத்தம் என்று சொல்ல முடியாது, அசைந்தது. அது பதிலா, வெறும் நரம்பின் துடிப்பா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடக்கம் முடிந்து ஆறுதல் சொல்ல வந்த ஒருவர், "தெரிந்துகொள்ளப்பட்டவரா இருந்தா முன்னாடியே உள்ள வந்திருப்பார்" என்றார். இதைச் சொல்லத்தான் வந்தாரா என்று நினைத்தேன். ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வந்த வேறொருவர் எதிர்த்தரப்பு, சுயசித்தம், சுயசித்தம் என்று பேசுகிறவர். அவர் சொன்னார், "நீ இன்னும் கொஞ்சம் அழுத்தமாச் சொல்லியிருந்தா அப்பா முடிவு எடுத்திருப்பார்." முதலாமவர் என் நம்பிக்கையை வெட்டினார். இரண்டாமவர் அப்பாவின் நித்தியத்தை என் நாக்கின் மேல் ஏற்றி வைத்துவிட்டுப் போனார். இரண்டு வருஷம் அந்தப் பாரத்தோடுதான் தூங்கினேன். எந்த வாரம் எந்தப் பிரசங்கத்தைச் சரியாகச் சொல்லாமல் விட்டேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கணக்கிலிருந்து என்னை வெளியே கொண்டுவந்தது எது தெரியுமா? கிருபை முந்தியது என்கிற இதே உபதேசம். "உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?" என்ற வசனம். மனிதனின் சுயசித்தத்துக்காகப் போராடிப் பார்த்தேன், தேவகிருபையே ஜெயித்தது என்று அகுஸ்தீன் தன் கடைசிக் காலத்தில் எழுதியதும் இந்த வசனத்தால்தான். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. "இன்னைக்கு என்ன சொன்னார்?" என்ற கேள்வியை அப்பாவின் வாயில் வைத்தது யார்? ஆலயத்துக்குள் காலே வைக்காதவர், கேட்டதை ஒரு வாரம் முழுக்க மனதில் வைத்திருந்தது எப்படி? தேடுகிறவன் இல்லை என்பது உண்மையானால், அந்தக் கேள்வி அப்பாவுடையது மட்டும் இல்லை. தேவன் முந்திக்கொண்டார். என் நாக்குக்கு முன்னாடி, என் திறமைக்கு முன்னாடி.

ஆக, எனக்குக் கிருபையைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் மூச்சு விடுகிறேன்.

அதனால்தான் அதை யாராவது தடியாக எடுத்து ஒரு புது விசுவாசியின் தலையில் அடிக்கும்போது எனக்கு எரிகிறது. எனக்கு ஆறுதலாக வந்த வார்த்தையை வைத்து அந்தச் சகோதரியை அழவைத்துவிட்டீர்கள்.

"அப்ப நீ அர்மீனியன்தான்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. எந்தப் பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரசங்கிகளான வெஸ்லியும் ஒயிட்ஃபீல்டும் இதே கேள்வியில் பகிரங்கமாக மோதிக்கொண்டவர்கள். 1739-ல் வெஸ்லி முன்குறித்தலுக்கு எதிராகப் பிரசங்கித்தார், ஒயிட்ஃபீல்டு பெயர் சொல்லியே பதில் கடிதம் எழுதினார். மனக்கசப்பு வந்தது, ஊழியம் பிரிந்தது. ஆனால் 1770-ல் ஒயிட்ஃபீல்டு இறந்தபோது லண்டனில் அவருக்காக நினைவுப் பிரசங்கம் செய்தவர் வெஸ்லி. கிழவரான வெஸ்லியிடம் சிமியோன் என்ற இளம் போதகர் போய், தேவன் முதலில் உங்கள் இருதயத்தில் வைக்காமல் இருந்தால் நீங்களாகவே அவரிடம் திரும்ப நினைத்திருப்பீர்களா என்று கேட்டார். நினைத்திருக்கவே மாட்டேன் என்றார் வெஸ்லி. சிமியோன் கால்வின் பக்கத்து ஆள். இன்னும் சில கேள்விகள் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நான் என் கத்தியை உறையில் போடுகிறேன், என் கால்வினிசமும் இவ்வளவுதான் என்றார். கவனியுங்கள், அவர் முதலில் கேட்டார். பதிலை முழுசாகக் காதுகொடுத்துக் கேட்டார்.

கத்தோலிக்கரும் இதில் அடித்துக்கொண்டவர்கள்தான். அவர்களுடைய இரண்டு துறவற சபைகளில், தொமினிக்கரைக் கால்வினிஸ்டு என்று இயேசு சபையார் சொன்னார்கள், இயேசு சபையாரைப் பெலேகியன் என்று தொமினிக்கர் சொன்னார்கள். வருஷக்கணக்கில் விசாரணை நடந்து, கடைசியில் 1607-ல் ஐந்தாம் பவுல் போப் ஒரு பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக்கூடாது என்று நிறுத்தினார். நமக்குப் போப் கிடையாது, சரி. ஒரு சகோதரி பேசி முடிக்கிறவரை வாயை மூடிக்கொண்டிருக்கப் போப் தேவையா?

எழுதி முடித்துவிட்டு ஒருதரம் வாசித்தேன், கோபம் அதிகமாகத்தான் இருக்கிறது. எடுக்கப்போவதில்லை. அந்தச் சகோதரர் இதைப் படிப்பார் என்று தெரியும். உங்கள் வேத அறிவை நான் மதிக்கிறேன், ஐயா. உங்களிடம் நான் கற்றதும் உண்டு. அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. அந்தச் சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேளுங்கள். என்னிடம் வேண்டாம், என்னை என்ன சொன்னாலும் பரவாயில்லை.

அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்து எல்லோரும் போனபிறகு அவருடைய நாற்காலியில் கிடந்தது, எட்டாக மடித்தபடியே. என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். பிரித்துப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தால் கொடுப்பேன், வராவிட்டால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். இரண்டாவது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.