மாஸ்கோவுக்குப் போன கப்பல்

போர் என்ற பேச்சு எழும்போதெல்லாம் மியூனிக்கை இழுத்து வராத அரசியல்வாதிகள் குறைவு. 1938 செப்டம்பரில் அந்த ஜெர்மன் நகரில்தான் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின், போரைத் தவிர்க்க, செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு விட்டுக்கொடுக்க இசைந்தார். 1956இல் எகிப்தின் நாசரை ஹிட்லரோடு ஒப்பிட்டுச் சூயஸ் மீது படையெடுத்த பிரிட்டிஷ் பிரதமர் ஈடன் தொடங்கி, பேச்சுவார்த்தை என்றாலே கோழைத்தனம் என்று வாதிடுவோர் அனைவருக்கும் விட்டுக்கொடுப்பின் சின்னமாகிப்போன சேம்பர்லினின் குடை கைகொடுத்து வருகிறது.

இரண்டாம் உலகப் போருக்கு முதற்காரணம் ஹிட்லரின் மண்ணாசைதான். அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா, அக்டோபரில் சுடேட்டன் பகுதி, 1939 மார்ச் 15இல் செக்கோஸ்லோவாக்கியத் தலைநகர் பிராக் என்று ஏறத்தாழ ஓராண்டில் விழுங்கியவர் அடுத்துப் போலந்தின் மீது கண் வைத்தார். ஆனால் ராஜதந்திரம் தோற்ற இடம் எது என்று கேட்டால், மியூனிக்கை விட 1939 ஆகஸ்ட் மாத மாஸ்கோவையே நான் சுட்டுவேன்.

பிராக் விழுந்த பிறகு, போலந்தின் சுதந்திரத்துக்குத் துணைநிற்பதாக மார்ச் 31 அன்று பிரிட்டன் வாக்குறுதி அளித்தது. சோவியத் படையின் துணையில்லாமல் அந்த வாக்கைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு லண்டனில் யாரிடமும் விடையில்லை. பிரிட்டனும் பிரான்சும் தங்களோடு முத்தரப்பு உடன்படிக்கைக்கு வரவேண்டும் என்று ஏப்ரலிலேயே சோவியத் வெளியுறவு அமைச்சர் லித்வினோவ் கேட்டிருந்தார். ரஷ்யாவை அடியோடு நம்பாத சேம்பர்லின் வாரக்கணக்கில் இழுத்தடித்தார். மே மாதத் தொடக்கத்தில் லித்வினோவ் பதவி இழந்து, மோலதோவ் வந்தார்.

ஹிட்லரைச் சந்திக்க 1938 செப்டம்பரில் மூன்று முறை விமானம் ஏறிய அதே சேம்பர்லினின் அரசு, ஸ்டாலினோடு இராணுவப் பேச்சு நடத்த அட்மிரல் டிராக்ஸ் தலைமையிலான குழுவை ‘சிட்டி ஆஃப் எக்சிடர்’ என்ற மெதுவான கப்பலில் அனுப்பியது. அவசரப்பட வேண்டாம் என்பதே அவருக்கு இடப்பட்ட கட்டளை. ஆகஸ்ட் 12 அன்று முதல் அமர்வில் சோவியத் தரப்பின் வொரொஷிலோவ் அதிகாரப் பத்திரத்தைக் கேட்டபோது, டிராக்ஸிடம் எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டு நாள் கழித்து வொரொஷிலோவ் அடிமடியிலேயே கைவைத்தார்: ஜெர்மனியை எதிர்க்க எங்கள் படை போலந்துக்குள் நுழைய அனுமதி உண்டா? போலந்து மறுத்தது. 1920இல் தன் தலைநகர் வார்சாவின் வாசல் வரை சோவியத் செஞ்சேனை வந்ததைக் கண்ட நாடு மறுத்ததில் வியப்பில்லை. அந்த முடிச்சை அவிழ்க்காமலே குழுவை அனுப்பியதுதான் வியப்பு.

ஆகஸ்ட் 23 அன்று ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ரிப்பன்ட்ராப் விமானத்தில் வந்திறங்கினார். வரவேற்புக்குத் தேவைப்பட்ட ஸ்வஸ்திகா கொடிகளை, நாஜி எதிர்ப்புப் படங்கள் எடுத்த ஸ்டூடியோவிலிருந்து வாங்கி வந்து கட்டினார்கள் என்பார்கள். ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்ற ஜெர்மன்-சோவியத் ஒப்பந்தம் அன்றிரவே முடிந்தது. கிழக்கு ஐரோப்பாவைப் பங்கிடும் இரகசிய இணைப்பும் அதனுடன் சேர்ந்தே கையெழுத்தானது.

டிராக்ஸ் முழு அதிகாரத்தோடு விமானத்தில் போயிருந்தால் ஸ்டாலின் மனம் மாறியிருப்பாரா? ஹிட்லர் தரமுடிந்த பாதிப் போலந்தைப் பிரிட்டனால் தரமுடியாது என்பதால், உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஆனால் கிழக்கிலும் மேற்கிலும் ஒரே நேரத்தில் போரிட நேரும் என்ற ஹிட்லரின் அச்சத்தை அந்த ஓரிரவு துடைத்தெறிந்தது. மியூனிக்கில் பேசியது தவறென்றால், மாஸ்கோவில் மனமில்லாமல் பேசியது அதைவிடப் பெரிய தவறு. பேச்சே கூடாது என்போர் இந்த ஆகஸ்ட் மாதத்தை ஏனோ குறிப்பிடுவதே இல்லை.

செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் படைகள் போலந்துக்குள் புகுந்தன. செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போர் அறிவித்த கையோடு, இந்தியத் தலைவர்கள் ஒருவரையும் கேட்காமல், இந்தியாவும் போரில் இறங்கிவிட்டதாக வைசிராய் லின்லித்கோ அறிவித்தார். அதைக் கண்டித்து அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் சென்னை மாகாணத்தில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது.