வழக்கு இருந்தாலே குற்றவாளியா?

வாடகைக்கு விடும் முன் போலீஸ் சரிபார்ப்பு வேண்டும், வழக்கு உள்ளவருக்கு வீடு தரவே கூடாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. முதல் பாதி சரி. இரண்டாவதை எங்கள் டெல்டாவில் இருந்து பார்த்தால் ஏற்க முடியாது. காவிரித் தண்ணீர் கேட்டுச் சாலை மறியல் செய்த விவசாயிகள் பலர் மேல் வழக்கு உண்டு. 2017-ல் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய்க் கசிவை எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தார்களே, அவர்களுக்கும் வீடு கிடையாதா? என் மாமா மகன் மேலும் ஒரு மறியல் வழக்கு. மயிலாடுதுறையில் அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்ச நாளும் குறித்தாயிற்று. யாரோ போய்ச் சொல்ல, வீட்டுக்காரம்மா பணத்தை அப்படியே திருப்பிக் கையில் வைத்துவிட்டார். என்ன வழக்கு என்றுகூடக் கேட்கவில்லை. கைக்குழந்தையோடு அவன் மனைவி வாசலிலேயே நின்றாள்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்ல என்னென்ன காரணம் வேண்டும் என்று வரையறுக்கிறது. வாடகை பாக்கி, வீட்டைச் சட்டவிரோதக் காரியத்துக்குப் பயன்படுத்துவது போன்றவை. பழைய வழக்கு அதில் இல்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பெல்லாம் குடியேறிய பிறகுதான். வீடே தர மறுத்தால் ஏன் என்று கேட்க அதில் ஒரு வரி கிடையாது. தண்டனை பெற்றவர், விடுதலையானவர், விசாரணையே தொடங்காதவர் மூவரையும் ஒரே தட்டில் வைக்காதபடி அங்கே ஒரு விதி சேர்க்க வேண்டும்.