ரெக்கோர்ட் கால் பணம், அனுப்புகூலி முக்கால் பணம்

இந்த ரெக்கோர்ட் கொம்பனிக்காரர் தங்கட தட்டுகளை உலகம் முழுக்க அனுப்புவாங்களாம். பெரிய எழுத்தில போட்டிருக்கு. சரியெண்டு நாட்டைத் தெரிவு செய்யப் போனா, பட்டியலில ஸ்பெயினுக்கு அடுத்தது சூடான். நடுவில இருக்கவேண்டிய எங்கட தீவை ஆரோ தூக்கிக் கடலுக்க போட்டிட்டாங்கள். இலங்கைக்கு அனுப்புற இன்னொரு கடையைத் தேடிப் பிடிச்சா, அனுப்புகூலி ரெக்கோர்டின்ர விலையைவிடக் கூட. 2022க்கு முதல் டொலர் 200 ரூபாய் மட்டில நிண்டது, பிறகு 300 மட்டுக்கு ஏறிட்டுது. வந்து இறங்கினா இறக்குமதி வரி, அதுக்கு மேல 18 சதவீத வற் (VAT) வரி.

இவ்வளவும் என்னத்துக்கு? எண்பதுகளில நாலு பெடியள் மலிவா ஒரு கராஜில நிண்டு கத்தின பங்க்-த்ராஷ் எண்ட வேகமான ராக் ரெக்கோர்டின்ர மறுபதிப்புக்கு! முழுசா ஓடி முடிய அரை மணித்தியாலமும் எடுக்காது.

காசு போனாப் போகட்டும். இந்தச் சத்தம் எப்பிடிப் பரவினது எண்டு நினைச்சாத்தான் வயிறு எரியுது. அமெரிக்காவில ஹூஸ்டன் நகரத்து டி.ஆர்.ஐ. குழு எண்பதுகளின்ர தொடக்கத்தில 22 பாட்டை ஒரு 7 அங்குலத் தட்டுக்குள்ள அடைஞ்சு விட்டாங்கள். இங்கிலாந்தில க்ராஸ் குழு, கடைக்காரன் ஏத்தி விக்கக்கூடாதெண்டு, 'இதுக்கு மேல குடுக்காதேங்கோ' எண்ட மாதிரி விலையை உறையிலயே அடிச்சுது. அமெரிக்காவின்ர டெட் கென்னடீஸ் குழு 1981இல விட்ட கசெட்டில ஒரு பக்கத்தை வெறுமையா விட்டு, நீங்களே பதிஞ்சு நிரப்புங்கோ எண்டு, வீட்டில கொப்பி அடிக்கிறதைக் குறை சொன்ன கொம்பனிக்காரரை நக்கலடிச்சாங்கள். கொழும்புக்கு இது வந்து சேர்ந்ததும் அந்த வழியாலதான். கொப்பிக்குக் கொப்பி அடிச்சு, பாட்டைவிட இரைச்சல் கூடக் கேட்ட கசெட். அதைத் தந்தவனுக்கும் ஒரு வெறுங் கசெட்தான் செலவு.

இப்ப பார்த்தா 180 கிராம் தட்டாம்! சாதாரணத் தட்டு 120, 140 கிராம் வரும், அது நல்லாத்தான் பாடும். சத்தம் மாஸ்டரிங்கிலயும் (தட்டு அடிக்க முதல் பதிவைச் சீர்செய்யிற வேலை) தட்டு வெட்டுறவன்ர கையிலயும் இருக்கு, தடிப்பில இல்லை. ஆனா பாரம் கூடினா விமானக் கூலி கூடும், அதைக் கட்டுறவன் வெள்ளவத்தையில இருக்கிற நான். அதோட மடிப்பு உறை, போஸ்டர், பளபளக்கிற புத்தகம். அதுவும் காணாதெண்டு அஞ்சாறு நிறம். பச்சையில சிவப்புத் தெளிச்ச தட்டு 'லிமிட்டட் எடிஷன்' எண்டு முன்பதிவு திறக்கிறாங்கள், அங்க மத்தியானம், இங்க நடுச்சாமம். விடிய எழும்பிப் பார்த்தா எல்லாம் முடிஞ்சுது, அதே தட்டு இரட்டிப்பு விலையில மறுவிற்பனைக்கு நிக்குது. வாங்கினவன் மேல் பிளாஸ்டிக்கைக்கூடக் கிழிச்சிருக்க மாட்டான். உனக்கெதுக்கடா பங்க்?

வாற ஆக்களிட்டக் குடுத்தனுப்பலாம் எண்டு கனடாவில இருக்கிற ஸ்கார்பரோச் சித்தியைக் கேட்டன். உறையின்ர படத்தைப் பார்த்திட்டு, "தம்பி, நான் நல்லூர்த் திருவிழாவுக்கெல்லோ வாறன். உந்த மண்டையோட்டோட கட்டுநாயக்கா எயார்போர்ட்டில என்னெண்டு இறங்கிறது?" எண்டிட்டா. அவவைக் குறை சொல்லேலாது. 12 அங்குலத் தட்டை வளையாமக் கொண்டுவர, சேலைகளுக்கு நடுவில வைச்சாலும் பயம்தான்.

முதல் பதிப்பு கிடைக்காதவனுக்குக் கிடைக்கத்தானே மறுபதிப்பு? அதையும் சில நூறோட நிப்பாட்டினா என்ன பிரயோசனம்? நீங்கள் பாட்டை மறுபதிப்புச் செய்யேல்லை, தட்டுப்பாட்டைத்தான் மறுபதிப்புச் செய்திருக்கிறியள். கறுப்புத் தட்டு, மெல்லிய தட்டு, ஒற்றைக் கடதாசி உறை, தீரத் தீர அடி. அவ்வளவுதான் கேக்கிறம்.

அதுவும் ஏலாதெண்டா டிஜிட்டலா எண்டாலும் தனிய வில்லுங்கோ எண்டு கொம்பனிக்கு எழுதிப் போட்டன். பதில் வந்தது. டவுன்லோட் கூப்பன் தட்டு வாங்கினவைக்கு மட்டும்தானாம், பெட்டிக்குள்ள இருக்குமாம்.